லேப்டாப் பிழைப்பது பிறகு. முதலில் கணக்குகளைக் காப்பாற்றுவோம்

வாசகர் கடிதம் (சுருக்கம்)

கரூர் மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். ஜவுளித் தொழில் சார்ந்த சில சிறு நிறுவனங்களுக்கு வீட்டிலிருந்தே கணக்கு எழுதி, ஜிஎஸ்டி படிவங்களையும் தாக்கல் செய்து கொடுக்கிறார். 2021-இல் வாங்கிய லேப்டாப். வாரண்டி முடிந்து நாளாகிவிட்டது. 11-ஆம் தேதி எல்லோருக்கும் ஜிஎஸ்டிஆர்-1 (மாத விற்பனை விவரப் படிவம்) தாக்கல் செய்துவிட்டு நிம்மதியாக எழுந்திருக்கிறார். அன்றிரவு இடியுடன் மழை. கரண்ட் போவதும் வருவதுமாக இருந்தபோது லேப்டாப் சார்ஜில் கிடந்தது. மறுநாள் காலை பவர் பட்டனை எத்தனை முறை அழுத்தியும் விளக்கு இல்லை, விசிறிச் சத்தம் இல்லை.

அடாப்டரைத் தனியாகச் செருகினால் அதிலுள்ள சிறு பச்சை விளக்கு எரிகிறது. லேப்டாப்பில் சொருகியதும் அணைந்துவிடுகிறது. பக்கத்து வீட்டிலிருந்து 90 வாட் அடாப்டர் ஒன்றை வாங்கிப் போட்டுப் பார்த்திருக்கிறார். அதில் விளக்கே கிடையாது, லேப்டாப்பும் அசையவில்லை. தன்னுடையது 65 வாட்தான் என்பதைப் பிறகு கவனித்து, தானே போர்டை எரித்துவிட்டோமோ என்று கலங்கியிருக்கிறார்.

உள்ளூர்க் கடைக்காரர் சிறிது நேரம் பார்த்துவிட்டு, மதர்போர்டு போய்விட்டது, மாற்றுவதற்கு 16,500 ரூபாய், உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும் என்று சொல்லியிருக்கிறார். பில் வேண்டாம் என்றால் கொஞ்சம் குறைத்துக்கொள்வதாகவும் பேச்சு. விண்டோஸ் பாஸ்வேர்டையும் எழுதித் தரச் சொன்னாராம். "இதைத் தூக்கிப் போடு, தவணையில் புதிது வாங்கலாம்" என்பது கணவரின் யோசனை. போர்டை ஹேர் டிரையரால் சூடாக்கினால் சரியாகிவிடும் என்று தம்பி ஒரு வீடியோ அனுப்பியிருக்கிறார். டேலி என்ற கணக்கு மென்பொருளில் எழுதிய எல்லா நிறுவனங்களின் கணக்குகளும் அந்த ஒரே லேப்டாப்பில். பென் டிரைவில் நகல் எடுத்து ஐந்து மாதமாகிறது. 20-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-3பி (வரி செலுத்தும் மாதப் படிவம்) போக வேண்டும். "இருக்கிற வேலையும் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது" என்கிறார். கடிதத்தின் கடைசியில், "ஒரு மாதமாகவே டச்பேட் சரியாக அமுங்குவதில்லை, மூடியை மூடினால் ஓர் ஓரம் தூக்கிக்கொண்டு நிற்கிறது, அது வேறு பிரச்சினை" என்று ஒரு வரி.

பதில்

அன்புள்ள சகோதரி,

நாள் நெருங்குவதால், மிக அவசரமான இரண்டு செய்திகளை உங்கள் கடிதம் கிடைத்த அன்றே மின்னஞ்சலில் அனுப்பிவிட்டேன். இங்கே விரிவாக எழுதுகிறேன். உங்களைப் போலத் தவிப்பவர்கள் மழைக்காலம் தொடங்கினால் நிறையவே வருகிறார்கள்.

முதலில் ஒரு பாரத்தை இறக்கி வையுங்கள். 90 வாட் அடாப்டரைப் போட்டதால் உங்கள் லேப்டாப் எரியவில்லை. அடாப்டரில் பார்க்க வேண்டியது வோல்ட் எண்ணும் சொருகியின் வகையும்தான். இரண்டிலும் 19.5 வோல்ட் என்றே அச்சிட்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள்; ஒரே நிறுவனத்தின் அடாப்டர், சொருகியும் ஒன்றே. வாட் அதிகம் என்றால் அந்த அடாப்டரால் கூடுதலாகத் தர முடியும் என்று பொருள். லேப்டாப் தனக்கு வேண்டிய மின்சாரத்தை மட்டுமே அதிலிருந்து எடுத்துக்கொள்ளும். வோல்ட் மாறியிருந்தால்தான் பயப்பட வேண்டும்.

டச்பேடு வேறு பிரச்சினை அல்ல

உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது அந்தக் கடைசி வரியைத்தான். பெரும்பாலான லேப்டாப்புகளில் டச்பேடுக்கும் கை வைக்கும் பகுதிக்கும் நேர்கீழே பேட்டரி இருக்கிறது. டச்பேடு அமுங்கவில்லை, ஓரம் தூக்குகிறது என்றால் பேட்டரி உப்பியிருக்கிறது என்றே நான் எடுத்துக்கொள்வேன். லித்தியம் அயான் பேட்டரி வயதாகும்போது உள்ளிருக்கும் வேதிப்பொருள் சிதைந்து வாயு உண்டாகிறது. பை போன்ற உறைக்குள் அந்த வாயு போக வழியில்லாமல் உறை வீங்குகிறது. வெப்பமான அறையில், எந்நேரமும் சார்ஜிலேயே வைத்து வேலை செய்யும் லேப்டாப்புகளில் இது சீக்கிரம் நடக்கும். கணக்கு எழுதுபவர்களின் லேப்டாப் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கிறது.

ஆகவே இனிமேல் எந்த அடாப்டரையும் அதில் சொருகாதீர்கள். மூடியை அமுக்கி மூடாதீர்கள். கட்டிலிலும் துணி அலமாரியிலும் வைக்காமல், எரியக்கூடிய பொருள் எதுவும் அருகில் இல்லாத வெறும் தரையில், குழந்தைகள் கைபடாத இடத்தில் வையுங்கள். ஹேர் டிரையர் யோசனையைத் தயவுசெய்து கைவிடுங்கள். தம்பி அக்கறையோடுதான் அனுப்பியிருப்பார். ஆனால் உப்பிய பேட்டரிக்கு அருகில் சூடு காட்டுவது தீயை அழைப்பதாகும். பேட்டரி இல்லாத வெறும் போர்டிலும் அந்த வித்தை நிற்பதில்லை. சூட்டில் ஓரிரு நாள் ஓடிவிட்டு மறுபடி நிற்கும். அதற்குப் பிறகு பழுது பார்ப்பதும் கடினமாகிவிடும். புகையோ, சீறும் சத்தமோ, வழக்கமில்லாத நெடியோ வந்தால் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். எல்லோரும் வெளியே வந்து 101-ஐ அழையுங்கள்.

இதை நீங்களே திறக்க வேண்டாம். பேட்டரி நல்ல நிலையில் இருந்தால் அடிமூடியைக் கழற்றிப் பாருங்கள் என்று தயங்காமல் சொல்வேன். உப்பிய பேட்டரியில் ஸ்க்ரூ டிரைவரின் முனை பட்டாலே போதும், ஆபத்து. கடைக்குக் கொண்டுபோய், "முதலில் பேட்டரி கனெக்டரைக் கழற்றுங்கள், அப்புறம் எதுவானாலும் பாருங்கள்" என்று சொல்லுங்கள். மறந்துவிடக் கூடியது என்பதால் ஒரு காகிதத்தில் எழுதி லேப்டாப்பின் மேல் ஒட்டிவிடுங்கள்.

அடாப்டர் விளக்கு காட்டிக்கொடுப்பது

சுவரிலிருந்து வரும் 230 வோல்ட்டை அடாப்டர் 19.5 வோல்ட்டாக மாற்றி அனுப்புகிறது. அளவுக்கு மீறிய மின்சாரத்தை யாராவது இழுத்தால் அது தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும்; விளக்கு அணைவது அதனால்தான். அடாப்டரின் விளக்கு தனியே எரிந்து, லேப்டாப்பில் சொருகியதும் அணைகிறது என்றால், போர்டில் மின்சாரம் நுழையும் வழியில் எங்கோ ஷார்ட் ஆகியிருக்கிறது என்பதற்கு அது வலுவான அறிகுறி. இடி மின்னலுக்கும் கரண்ட் துள்ளி வந்ததற்கும் பிறகு இப்படி நடப்பது பொருத்தமாகவும் இருக்கிறது.

ஆனாலும் அடாப்டரே அடிவாங்கியிருக்க வாய்ப்பு உண்டு. சுமை இல்லாதபோது விளக்கெரியும். சுமை ஏறியதும் துவண்டுவிடும். மல்டிமீட்டரில் 19.5 என்று காட்டினாலும் அதை நம்பி முடிவெடுக்க முடியாது. அதே வகையைச் சேர்ந்த வேறொரு லேப்டாப்பில் உங்கள் அடாப்டரைச் சொருகிப் பார்த்தால் ஒரே நிமிடத்தில் தெரிந்துவிடும். இந்தச் சோதனையை நீங்களே செய்யலாம். அங்கே சார்ஜ் ஏறினால் குற்றவாளி அடாப்டர் அல்ல.

கடைக்காரரை நான் ஏமாற்றுக்காரர் என்று சொல்லவில்லை. "போர்டு போய்விட்டது" என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் போர்டில் எது போனது என்பதுதான் கேள்வி. நுழைவழியில் ஷார்ட் ஆவது பெரும்பாலும் அரிசி மணியைவிடச் சிறிய ஒரு கெப்பாசிட்டரோ, மாஸ்பெட் எனப்படும் சிறு சில்லோதான். சிப் லெவல் வேலை, அதாவது போர்டில் பழுதான சிறு பாகத்தை மட்டும் மாற்றும் வேலை, தெரிந்த இடத்தில் டிசி பவர் சப்ளை ஒன்றை மேசையில் வைத்திருப்பார்கள். அதை இணைத்து எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்று பார்ப்பார்கள். பிறகு எந்தச் சில்லு சூடாகிறது என்று தேடி, அதை மட்டும் மாற்றுவார்கள். அந்த வேலை சரியாக அமைந்தால், கூலியோடு சேர்த்தும் முழு போர்டின் விலையில் ஒரு பகுதிதான் ஆகும். அமையாமலும் போகலாம். மின்னல் சில சமயம் உள்ளே பல இடங்களைத் தாக்கியிருக்கும். பிராசசரே போயிருந்தால் போர்டைத்தான் மாற்ற வேண்டும். பார்க்காமல் நான் உறுதி தர மாட்டேன். அளந்து பார்க்காமல் கடைக்காரரும் தரக் கூடாது.

கரூரிலேயே சிப் லெவல் செய்பவர்களை விசாரியுங்கள். இல்லையென்றால் திருச்சியோ கோவையோ உங்களுக்கு எட்டும் தூரம்தான். சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி ஸ்ட்ரீட் வரை போக வேண்டிய தேவை இதற்கு இல்லை. உப்பிய பேட்டரியோடு கூரியரில் அனுப்புவது கூடவே கூடாது.

கணக்குகள் போர்டில் இல்லை

உங்களை அதிகம் கலங்க வைத்தது "உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும்" என்ற சொல். உங்கள் லேப்டாப்பைப் பொறுத்தவரை அது சரியல்ல. வீட்டில் கரண்ட் போனால் பீரோவில் உள்ள பத்திரம் காணாமல் போவதில்லை. டேலி, எக்செல் எல்லாம் இருப்பது எஸ்எஸ்டி என்ற தனிப் பொருளில். நீங்கள் அனுப்பிய பில்லில் 512 ஜிபி எம்.2 என்று போட்டிருக்கிறது. சூயிங்கம் பட்டை அளவில் உள்ள அது ஒற்றைத் திருகில் நிற்கும். கழற்றினால் அழியாது. எஸ்எஸ்டியைப் போர்டோடு சேர்த்தே பற்றவைத்த லேப்டாப்புகளும் உண்டு. ஆப்பிளின் அண்மைக்கால மேக்புக்குகள் அந்த வகை. அவற்றில் போர்டு போனால் தரவுக்கும் ஆபத்துதான். உங்களுடையது அப்படி இல்லை.

மின்னலில் எஸ்எஸ்டியும் போயிருக்குமா? அது 3.3 வோல்ட்டில் இயங்குவது; நுழைவழிக்கும் அதற்கும் நடுவே பல படிகள் இருக்கின்றன. ஆகவே தப்பியிருக்கவே வாய்ப்பு அதிகம்.

பேட்டரியைக் கழற்றும் அதே நேரத்தில் எஸ்எஸ்டியையும் கழற்றி உங்கள் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கென்றே யூஎஸ்பி உறை விற்கிறார்கள். ஆயிரத்திலிருந்து இரண்டாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும். என்விஎம்இ, சாட்டா என இரண்டு வகை இருப்பதால் எஸ்எஸ்டியைக் காட்டியே வாங்குங்கள். உறையில் போட்டு வேறொரு கணினியில் சொருகினால் பெரிய பென் டிரைவ் போலத் திறக்கும். முதலில் டேலியின் டேட்டா கோப்புறையை முழுதாக நகலெடுங்கள்; ஒவ்வொரு நிறுவனமும் அதற்குள் எண்ணைப் பெயராகக் கொண்ட ஒரு கோப்புறையாக இருக்கும். பிறகு டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ். டிஸ்க்கை ஃபார்மட் செய்ய வேண்டும் என்று திரையில் கேட்டால் சம்மதிக்காதீர்கள். அப்படியே நிறுத்திவிட்டு, தரவு மீட்பு செய்பவரிடம் போங்கள்.

இங்கே ஒரு தடை வரலாம். அதை இன்றே பார்த்து வைப்பது நல்லது. உங்கள் லேப்டாப்பில் மைக்ரோசாஃப்ட் மின்னஞ்சல் கணக்கு கொண்டுதான் நுழைகிறீர்கள். அப்படிப்பட்ட லேப்டாப்புகள் பலவற்றில், நீங்கள் எதையும் செய்யாமலே, டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் என்ற விண்டோஸ் குறியாக்கம் இயங்கிக்கொண்டிருக்கும். எஸ்எஸ்டியை வேறு இடத்தில் சொருகினாலும் சரி, அதே லேப்டாப்பில் புதிய போர்டு மாட்டினாலும் சரி, 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். நாள்தோறும் போடும் பாஸ்வேர்டும் பின் எண்ணும் அதற்குப் பயன்படாது. கைபேசியில் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கைத் திறந்து, சாதனங்கள் பகுதியில் பிட்லாக்கர் மீட்பு எண் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அப்படியே மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பான ஒன்டிரைவையும் திறந்து பாருங்கள்; டெஸ்க்டாப் கோப்புகளில் ஒரு பகுதி ஏற்கெனவே அங்கே ஏறியிருக்கக்கூடும்.

கடையில் உங்கள் உரிமை

பாஸ்வேர்டைத் தராதீர்கள். போர்டில் மின்சாரம் ஓடுகிறதா என்று பார்க்க எஸ்எஸ்டியே தேவையில்லை, பாஸ்வேர்டு எதற்கு? எஸ்எஸ்டி இல்லாமலே லேப்டாப் உயிர் பெறும். துவக்க டிஸ்க் எதுவும் இல்லை என்று திரையில் காட்டும். அந்த வாசகம் தெரிந்தாலே பழுது நீங்கியது என்று பொருள். உங்களிடம் இருப்பது பிற நிறுவனங்களின் விற்பனை விவரமும் வங்கி விவரமும். அதைப் பாதுகாப்பது உங்கள் பொறுப்பு என்பதால், எஸ்எஸ்டி இல்லாத லேப்டாப்பை மட்டுமே கடையில் விட்டுவிட்டு வாருங்கள்.

பில் இல்லாமல் குறைத்துக்கொள்வதை நான் ஏற்க மாட்டேன். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி பொருளுக்கோ சேவைக்கோ பில் தராமலிருப்பது நேர்மையற்ற வணிக நடைமுறை. இன்று மிச்சமாகும் சில நூறுகளுக்காக, அடுத்த மாதம் அதே பழுது திரும்பினால் கேட்கும் உரிமையை இழந்துவிடுவீர்கள். லேப்டாப்பை ஒப்படைக்கும்போது மாடல், வரிசை எண், எந்தெந்தப் பாகங்களோடு கொடுத்தீர்கள் என்பதைக் குறித்த ரசீது வாங்குங்கள். சோதனைக் கட்டணம் எவ்வளவு, உங்கள் சம்மதம் கேட்காமல் எந்தத் தொகைக்கு மேல் வேலை செய்யக் கூடாது என்பதையும் அதிலேயே எழுதச் சொல்லுங்கள். போர்டை மாற்றுவதானால் புதிய போர்டா, பழைய லேப்டாப்பிலிருந்து எடுத்ததா, எத்தனை நாள் உத்தரவாதம் என்று கேளுங்கள். கழற்றிய போர்டையும் திரும்பக் கேளுங்கள்.

தகராறு வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் வழி பிறக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளுக்குக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் செய்ய வேண்டும். லேப்டாப் தயாரித்த நிறுவனத்திடம் இழப்பீடு கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். வாரண்டி இருந்திருந்தாலும் மின்னலால் வந்த பழுதைச் சாதாரண வாரண்டி ஏற்பதில்லை.

20-ஆம் தேதிக்கு லேப்டாப் தேவையில்லை

நான் கணக்காளன் இல்லை. ஆனால் கணக்காளர்களின் லேப்டாப்புகளோடு பழகியவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்ததுதான், பதற்றத்தில் மறந்திருக்கிறீர்கள். 11-ஆம் தேதியே ஜிஎஸ்டிஆர்-1 போய்விட்டது. விற்பனைத் தொகைகள் அதிலிருந்து 3பி படிவத்துக்கு வந்துவிடும். கொள்முதல் பக்கத்துக்கு 14-ஆம் தேதி 2பி என்ற கொள்முதல் வரிப் பட்டியல் ஜிஎஸ்டி போர்ட்டலில் கிடைக்கும். மீதி இருப்பது கொள்முதல் பில்களோடு ஒப்பிடும் வேலை. அதற்கு ஒரு கணினியும் நிறுவனங்களிடமிருந்து அந்த மாத பில்களும் போதும். தனியாள் உரிமை நிறுவனங்களுக்கு கைபேசி ஓடிபி கொண்டே தாக்கல் செய்துவிடலாம். பொதுக் கணினி மையத்தில் செய்வதானால் பாஸ்வேர்டைப் பிரவுசரில் சேமிக்காதீர்கள்.

டேலியும் முடங்கிவிடாது. மீட்ட கோப்புறையை அதே பதிப்போ அதற்குப் பிந்தைய பதிப்போ உள்ள கணினியில் திறக்கலாம். உரிமத்தைப் புதிய கணினிக்கு மாற்ற, பதிவு செய்த மின்னஞ்சல் யாருடையது என்று இப்போதே தேடி வையுங்கள். பலர் சிக்கிக்கொள்வது இங்கேதான்.

நிறுவனத்தாரிடம் இன்றே சொல்லிவிடுங்கள். "மின்னலில் லேப்டாப் பழுது, 3பி குறித்த நாளில் போய்விடும், இந்த மாத பில்களை ஒருமுறை அனுப்புங்கள்" என்றால் புரிந்துகொள்வார்கள். மறைத்து வைத்து 21-ஆம் தேதி சொன்னால்தான் நம்பிக்கை போகும். தாமதமானாலும் உலகம் முடிந்துவிடாது. வரி உள்ள படிவத்துக்கு ஒரு நாளைக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம், செலுத்தாத வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. கணக்குப் போட்டுப் பார்த்தால், நீங்கள் படும் பயத்தைவிட அது சிறியது.

அறிகுறி வேறானால்

இந்தப் பதிலைப் படிக்கும் மற்றவர்கள் தங்கள் லேப்டாப்பும் இப்படித்தான் என்று முடிவுகட்ட வேண்டாம். விளக்கெரிந்து, விசிறி சுற்றி, திரை மட்டும் கறுப்பாக இருந்தால் அது வேறு வழக்கு. இருட்டில் திரைமேல் டார்ச் அடித்துப் பாருங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால் போனது பின்னொளி மட்டுமே. எச்டிஎம்ஐ வழியாக டிவியில் இணைத்துப் பார்க்கலாம். கேப்ஸ் லாக் விளக்கு குறிப்பிட்ட முறையில் மினுக்கினால், எத்தனை முறை என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள்; எந்தப் பாகத்தில் கோளாறு என்பதை அது சொல்கிறது. ராம் பட்டையைக் கழற்றித் துடைத்து மாட்டினாலே எழுந்துவிடும் லேப்டாப்புகள் ஏராளம். பேட்டரி உப்பாத, ஈரம் படாத லேப்டாப் திடீரென்று நின்றால், அடாப்டரை எடுத்துவிட்டு, பேட்டரி தனியே கழலக்கூடியதானால் அதையும் எடுத்துவிட்டு, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து, மறுபடி அடாப்டர் மட்டும் சொருகிப் பாருங்கள். தேங்கிய மின்னூட்டம் வடிந்து பல லேப்டாப்புகள் எழுந்திருக்கின்றன. டீயோ தண்ணீரோ கொட்டியதென்றால் இது எதையும் செய்யாதீர்கள். சார்ஜ் போடாமல், அரிசிப் பானையில் புதைக்காமல், அன்றே கடைக்குக் கொண்டுபோங்கள்.

புதியது வாங்கலாமா?

சகோதரி, உங்கள் கணவர் சொல்வது தவறில்லை, அவசரம்தான் அதிகம். எஸ்எஸ்டியை எடுத்து நகல் பத்திரமான பிறகு முடிவெடுங்கள். சிப் லெவலில் சரியாகிவிட்டால், நிறுவனத்தின் அசல் பேட்டரி ஒன்று போட்டுக்கொண்டு இன்னும் ஓரிரு ஆண்டு ஓட்டலாம். விலை குறைவு என்று பெயர் தெரியாத பேட்டரியை வாங்காதீர்கள். முழு போர்டுதான் மாற்ற வேண்டும், அதுவும் பழைய போர்டுதான் கிடைக்கும் என்றால், 16,500-ஓடு பேட்டரி விலையும் சேர்ந்துவிடும். 2021-இல் வாங்கிய லேப்டாப்புக்கு அவ்வளவு செலவிட மாட்டேன். கணவர் சொன்ன தவணைக்கே போவேன். எதுவானாலும் உப்பிய பேட்டரியைக் குப்பைத் தொட்டியில் போடாமல் மின்கழிவு சேகரிப்பவரிடம் ஒப்படையுங்கள். கடையில் விட்டுவந்தால் அவர்கள் அப்படிச் செய்கிறார்களா என்று கேளுங்கள்.

ஸ்டெபிலைசர் போட்டிருந்தால் தப்பியிருக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். மின்னல் துள்ளலை ஸ்டெபிலைசர் தடுக்காது. இடி கேட்டதும் அடாப்டர் பிளக்கையும், இணையத்துக்கு கேபிள் இணைத்திருந்தால் அதையும் பிடுங்கிவிடுவதே நம்பகமான வழி. பிளக்கின் மூன்றாவது கம்பியை வெட்டிவிட்டு இரண்டு துளை எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகும் பழக்கம் வீட்டில் இருந்தால் அதையும் நிறுத்துங்கள். எஸ்எஸ்டிக்கு வாங்கும் உறை வீணாகாது. பின்னால் ஒரு சிறிய எஸ்எஸ்டியை அதில் போட்டு, வாரத்துக்கு ஒருமுறை, ஜிஎஸ்டிஆர்-1 தாக்கல் செய்யும் நாளில் கட்டாயமாக, டேலி கோப்புறையை நகலெடுத்துவிட்டுக் கழற்றி வையுங்கள். அடாப்டர் சோதனையின் முடிவும், டிசி சப்ளையில் எத்தனை ஆம்பியர் காட்டியது என்பதும் தெரிந்ததும் எழுதுங்கள். போர்டைப் பற்றி அப்போது இன்னும் தெளிவாகச் சொல்ல முடியும்.